நாலு சிலிண்டர் சத்தம்

அந்தச் சாலையில் எந்த வண்டி வந்தாலும் ஏவால்டுக்குத் தெரியும். பெண்டாட்டி முகம்தான் தெரியாது.

ஐஃபல் மலைப்பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதில் பாதி ஒன்றும் அதிசயமில்லை. நூர்பர்க்ரிங் கார்ப் பந்தயப் பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிறது. வேலியோரம் நிற்கிறவனுக்கு வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் பட்டுவிடும். ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிற கிழவிகூட, வெளியே ஒரு வண்டி உறுமிக்கொண்டு போனால், இன்னாருடைய கிளட்ச் போகப்போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் சில்லறையை எண்ணுவாள். அப்படிப்பட்ட ஊரிலேயே ஏவால்டின் காதுக்குத் தனி மரியாதை இருந்தது. முப்பது வருஷமாகப் பெண்டாட்டி ரோஸ்விதா ஓட்டினாள், அவன் வேலியோரம் நின்று கேட்டான். அவர்களுடையது இரண்டு கதவு வைத்த சிவப்பு பி.எம்.டபிள்யூ, தொண்ணூறாம் வருஷத்து வண்டி, நாலு சிலிண்டர். அவள் சுற்றி முடித்து வந்து தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள், "மூணாவது கியர்ல சோம்பல் படறே ரோசி, பிளக்கைப் பாக்கணும்" என்பான். நன்றாக ஓட்டினாய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ரோஸ்விதா அதைக் குறையாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போது அவன் பக்கத்து ஊரான அடெனாவில் முதியோர் இல்லத்தில் இருக்கிறான். கல்யாணம் மறந்துவிட்டது, வீடு மறந்துவிட்டது, ரோஸ்விதா எதிரில் வந்து நின்றால் மரியாதையாக எழுந்து நாற்காலி போடுகிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சிவப்பு வண்டி இல்லத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற பாலத்தருகே கியரைக் குறைத்துத் திரும்பினால் போதும், சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவான்.

"ரோசி வந்துட்டா."

அதற்கப்புறம் காபி ஆறுகிற வரைக்கும் அவள் ரோசிதான். கேக்கை இரண்டாக வெட்டிப் பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளுவான். பிளக்கைப் பற்றி விசாரிப்பான். இதை முதலில் கண்டுபிடித்தது அங்கே வேலை பார்க்கிற போலந்துக்காரி டனூட்டாதான். "நீங்க வாசல்ல இறங்குறதுக்கு முன்னாடியே சட்டையை இழுத்து விட்டுக்கிறாரு, ரோஸ்விதாம்மா. எங்க யாருக்காவது இப்படிச் செய்யறாரா பாருங்க" என்றாள்.

அன்றிலிருந்து ரோஸ்விதா வேறு எந்த வண்டியிலும் அங்கே போனதில்லை. உள்ளே இரும்புக் கூண்டும், முதுகைப் பிடித்து வைக்கிற கட்டை இருக்கையும், உடம்பை உலுக்குகிற சஸ்பென்ஷனுமாக, பனிக்காலத்திலும் அதில்தான் போனாள். அறுபத்தைந்து வயதுக்காரிக்கு இதெல்லாம் தேவையா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பிள்ளை குட்டி இல்லை. வாரத்தில் ஆறு நாள் அவள் யாருக்கும் யாருமில்லை. ஏழாம் நாள் ரோசி.

அந்த வண்டியின் அடிவயிற்றிலிருந்துதான் கோடையில் ஒரு டக் டக் கிளம்பியது. ஏற்றத்தில் கூடியது, இறக்கத்தில் குறைந்தது. அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் சாகப்போகிற சத்தம்.

ஊர்க்கோடியில் மோதிய வண்டிகளைப் பிரித்துப் போட்டு வியாபாரம் செய்கிற யுப், ஏவால்டோடு ஒன்றாகப் படித்தவன். வாய் நீளம், மனசு நல்ல மனசு. எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டவன் சாவியைத் திருப்பி உடனே அணைத்தான்.

"இன்னொரு ஏத்தம் ஏறினே, உள்ள இருக்கிறதெல்லாம் ரோட்டுக்கு வந்துடும்."

"பிரிச்சுக் கட்ட முடியாதா?"

"கட்டலாம். உள்தண்டு தேஞ்சு போயிருக்கு, வேற கிடைக்கணும். எப்ப கிடைக்கும்னு மட்டும் என்னைக் கேக்காதே."

"ஞாயித்துக்கிழமை இருக்கே யுப்."

"ஞாயித்துக்கிழமை எல்லா வாரமும்தான் இருக்கு, தாயே." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கொட்டகை மூலையைக் காட்டினான். "ஆறு ஒண்ணு வெச்சிருக்கேன். பின்னால இடி வாங்கின வண்டி, முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. உன் புருஷன் இருபது வருஷமா ஜொள்ளு விட்ட அதே ஆறு சிலிண்டர். நீதான் மாட்டவே விடல."

விடவில்லைதான். அவர்கள் வீட்டில் சண்டை என்றால் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் குட்டிகள். ஆறு போடலாம் என்பான் அவன். மூக்கு கனத்துவிடும், வளைவில் திரும்பாது என்பாள் அவள். ஒரு பிறந்தநாளுக்கு ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தாங்குகிற இரண்டு இரும்புத் தாங்கிகளுக்கு ரிப்பன் கட்டி அவளிடம் நீட்டினான். அவள் ரிப்பனை அவிழ்க்காமலே கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். இன்னும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தன.

"கொண்டா" என்றாள் ரோஸ்விதா. "அவன் ஆசைப்பட்டது. இப்பவாவது போடலாம்."

பழையதை வெளியே தூக்குகிற வரைக்கும் யுப் கூட நின்றான். அதை அந்த வாரமே பழைய இரும்பு லாரி ஏற்றிக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவனுக்கு அவன் வேலை, இவளுக்கு இவள் வேலை.

நாலு இருந்த இடத்தில் ஆறு உட்காருவது லேசில்லை. பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற பெரிய உருண்டை எஞ்சினின் தோளில் இடித்தது, அதைக் கழற்றிவிட்டுச் சின்னதாக வேறு ஒன்று தேடினாள். எண்ணெய்த் தொட்டி அடியில் குறுக்கே போகிற சட்டத்தில் தட்டியது, அதையும் மாற்றினாள். ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளினாள். வேகம் கூடுகிறதே என்று முன்சக்கரங்களுக்குப் பெரிய பிரேக், மூக்கு கனக்கிறதே என்று கடினமான ஸ்பிரிங். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது என்னையும் கவனி என்றது. ரிப்பனை அவிழ்த்துத் தாங்கிகளை அவளே பொருத்தினாள். ரிப்பனைத் தூக்கிப் போட மனசு வராமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறுகளில் கடைக்குப் போகிற சின்ன வண்டியில்தான் இல்லத்துக்குப் போனாள். ஏவால்ட் நாற்காலி போட்டான். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டான். ஒரு முறை, பாவம் வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்து, கையைப் பிடித்து வரவேற்பறை வரைக்கும் கொண்டுபோய் விட்டான். வண்டி தயாராகட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசி வேலை பிரேக் குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். அடியில் எப்போதும் ஏவால்ட், உள்ளே எப்போதும் அவள். "அமுக்கு. பிடி. விடாதே. இப்ப விடு." யோசித்துப் பார்த்தால், தாம்பத்தியத்தில் அவன் அவளிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தைகள் இவைதான். இப்போது அவள் அடியில் படுத்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, நினைவே இல்லாமல், "அமுக்கு" என்றாள்.

யாரும் அமுக்கவில்லை.

எழுந்து போய் யுப்பிடம் விஷயத்தைச் சொன்னாள். "இதுக்கு ஒரு டப்பா இருக்கே, காத்தடிச்சு மேல மாட்டிட்டா அதுவே தள்ளும்" என்று அவன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்தான். "ஒரு ஆள் போதும். இத்தனை வருஷமா ரெண்டு பேரும் கிடந்து மாரடிச்சீங்க."

டப்பா அருமையாக வேலை செய்தது. இரண்டு பேர் சேர்ந்து செய்ததைவிடச் சுத்தமாக, ஒரு குமிழ் இல்லாமல் வந்தது. இத்தனை வருஷமும் ஒரு ஆளே போதுமாயிருந்திருக்கிறது. ரோஸ்விதா கராஜ் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆனால் எஞ்சினைக் கிளப்பிய அன்று யுப்புக்குத் தலைகால் புரியவில்லை. "கேளு, கேளு! வெண்ணெய்ல கத்தி போற மாதிரி இருக்கு! ஏவால்ட் கேட்டான்னா எழுந்து ஆடிடுவான்." எதையும் சந்தேகமாகவே பார்க்கிற வாகனப் பரிசோதகர்கூட வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, வேலை சுத்தம் என்று சிரித்து, காகிதத்தில் முத்திரை குத்தினார். ஊர் முழுக்கக் காது வைத்துக்கொண்டிருக்கிற ஜனங்கள். ஒருத்தர் காதுக்காவது உறைத்ததா என்றால் இல்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. அவன் ஆசைப்பட்டதைச் செய்துவிட்ட சந்தோஷத்தில், தலைக்குச் சாயம் போட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள்.

பாலத்தருகே வழக்கம்போல் கியரைக் குறைத்தாள். வண்டி மெத்தென்று, பட்டுப்போல ஒரு சத்தம் கொடுத்துத் திரும்பியது. பழைய கரகரப்பு இல்லை, அந்தச் செல்லக் கோபம் இல்லை. அப்போதுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. இது ரோசி வருகிற சத்தமில்லை.

வாசலில் டனூட்டா இரண்டு கையையும் ஆட்டினாள். "எழுந்து நிக்கிறாரு, ரோஸ்விதாம்மா! ஜன்னல்ல நிக்கிறாரு!"

அவள் படிகளில் ஓடினாள். அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம்.

ஏவால்ட் ஜன்னலிலிருந்து திரும்பினான். முகமெல்லாம் வெளிச்சம். "கேட்டீங்களாம்மா? ஆறு! அந்தச் சின்ன உடம்புக்குள்ள எவனோ ஒரு புண்ணியவான் ஆறு வெச்சிருக்கான்."

"கேட்டேன்" என்றாள்.

"நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க? யாரு மாட்டினது?"

"நான்தான்."

"அப்படிப் போடுங்க! பிரேக் உருண்டை இடிச்சிருக்குமே?"

"இடிச்சுது. சின்னதா மாத்திட்டேன்."

"பலே." அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான். "உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்ச மனுஷன். எங்களுதும் இதே சிவப்பு, பாத்தா அச்சு அசல் இதேதான். ஆனா நாலு. கண்ணை நம்பி ஏமாறக் கூடாது பாருங்க. என் பெண்டாட்டிகிட்ட இருபது வருஷமா ஆறு போடலாம்னு கேக்கறேன். மாட்டா. மூக்கு கனத்துடுமாம். ஒரே பிடிவாதம்."

ரோஸ்விதா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ சொல்றதுதான் சரி" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "அவகிட்ட சொல்லிடாதீங்க. தலைக்கு மேல ஏறிடுவா. காட்டுக்குள்ள அந்த நாலை வெச்சுக்கிட்டு அவ வளைவுல வர்ற சத்தம் இருக்கே, மூச்சு விடாம நின்னு கேப்பேன். ஆம்பளைங்க எத்தனையோ பேர் ஓட்டினாங்க. அவளை மாதிரி ஒருத்தன் ஓட்டினதில்லை."

"ஏவால்ட்" என்றாள். "நான்தான் ரோசி."

அவன் அவளை வெகு பிரியமாகப் பார்த்தான். "நல்ல பேரு. அவ பேரும் அதுதான்."

டனூட்டா காபியும் பிளம்ஸ் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். விஷயம் புரிந்து, ரோஸ்விதாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஏவால்ட் கத்தியை எடுத்து, நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு, கேக்கைக் கவனமாக இரண்டாக வெட்டினான். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ரோஸ்விதாவின் கை பழக்கத்தில் பெரிய துண்டுக்குப் போனது.

அவன் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அது அவளுக்கு எடுத்து வெச்சது." கூச்சத்தோடு சின்ன துண்டை அவளிடம் நீட்டினான். "நீங்க என்னுதைச் சாப்பிடுங்க. இன்னைக்கு என்னவோ தாமதம். வந்துடுவா. பாலத்துக்கிட்ட கியர் குறைக்கிறது இங்கே கேக்கும்."

பெரிய துண்டின்மேல் காகிதக் கைத்துண்டைப் போர்த்தினான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு, பேசாமல் இருங்கள் என்பதுபோல அவளுக்குக் கை காட்டினான்.

ரோஸ்விதா சின்ன துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். காபி ஆறிப்போகிற வரைக்கும், பாலத்தின் பக்கம் காதை வைத்து, ரோசி வருவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.