தாடியைப் பிடிக்க ஆளில்லை

நோர்மத்தின் மனைவி சனவ்பரை அடக்கம் செய்த நாளிலிருந்து புர்ஹோன் முகம் வழிக்கவில்லை. வேண்டுதல் ஒன்றும் இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தாடி அது பாட்டுக்கு வளர்ந்தது. கடைத்தெருவில் ஜூராபெக் கேலி பேசினான்: "என்னப்பா புர்ஹோன், ஹஜ்ஜுக்குப் போனது உங்க அண்ணனா, நீயா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புர்ஹோனும் சிரித்தான் போலிருக்கிறது. தன் முகம் என்ன செய்கிறது என்று இப்போதெல்லாம் அவனுக்கே தெரிவதில்லை.

அந்த ஜூராபெக்குக்குக் கேலி பேச வாய் எப்படித்தான் வந்ததோ! அவனுடைய தக்காளி நாற்றால்தானே இவ்வளவும் வந்தது.

ஊர் ஒன்றுதான். ஆனால் மலையிலிருந்து இறங்கும் கால்வாய் அதை இரண்டாக்கி வைத்திருந்தது. மேலே தலைமடைக்காரர்கள்; தண்ணீர் முதலில் பார்ப்பது அவர்கள் முகத்தை. கீழே, ஆப்ரிகாட் தோப்புகளைத் தாண்டி, கடைமடைக்காரர்கள்; மிச்சத்தைப் பார்த்துப் பழகியவர்கள். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்கு முடிவு கட்டியவர் புர்ஹோனின் அண்ணன் இஸ்மத். ஊர் கூடி அவரை மிராப் ஆக்கியது. தண்ணீரைப் பங்கிடுகிறவர் என்று பெயர்தானே தவிர, ஊரின் பாதி அதிகாரம் அவர் கை மண்வெட்டியில்தான் இருந்தது.

வயதில் மூத்தவரை அகா, அண்ணா, என்றுதான் அந்த ஊரில் கூப்பிடுவார்கள். இஸ்மத் அகா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. தூர் வாருவது கடைமடையில் ஆரம்பிக்க வேண்டும். கடைசி வீட்டு வாசல்வரை வண்டல் எடுக்காமல் தலைமதகைத் தொடக் கூடாது. தலைமடைக்காரன் தன் வாசலை மட்டும் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வழியே இல்லை. கீழே வெட்டி முடித்தால்தான் மேலே தண்ணீர். முறைத்தார்கள், முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். ஏனென்றால் முதல் மண்வெட்டி அவருடையதாக இருக்கும்.

ஹஜ்ஜுக்குக் கிளம்பும்போது அந்த மண்வெட்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் ஊர் ரெண்டாப் பிளந்துடக் கூடாதுடா. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம். அது போதும்."

அவர் விமானம் ஏறிய வாரமே மலையில் பேய்மழை. சேறு இறங்கிக் கால்வாயை மூடிவிட்டது. புர்ஹோன் தூர்வார எல்லோரையும் அழைத்தான். தலைமடைக்காரர்கள் வந்தார்கள், ஆனால் தங்கள் வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். "நாத்து வாடுது. நாங்க என்ன கடைமடைக்காரனுக்குக் கூலியாளா?" என்றான் ஜூராபெக். பின்னால் முப்பது பேர் நின்றார்கள். கையில் மண்வெட்டி. கீழேயிருந்து இன்னொரு கூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது, அவர்கள் கையிலும் அதேதான்.

"முழுசா வேணாம் புர்ஹோன். பாதி மதகு. பாதி திறந்தா என்ன குடியா முழுகிடும்?" என்றான் ஜூராபெக்.

புர்ஹோன் அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான், பாதி மதகைத் திறந்தான்.

கடைமடையில் வண்டலில் முட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லை. நோர்மத் வீட்டுப் பக்கம் கரையை அரித்தது. மண் சுவர் ஊறியது. நடுப்பகல். நோர்மத்தின் மனைவி சனவ்பர் சுவரோரம் தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். சுவர் அப்படியே சாய்ந்தது. கூச்சல் கேட்டுப் புர்ஹோன் ஓடிப் போய் மண்ணைத் தள்ளினான். அவளுடைய கை முதலில் வந்தது, விரல்களில் மாவு. அந்த நேரத்தில்தான் அவனுக்குள் ஏதோ ஒன்று அணைந்து போயிற்று.

அதற்கப்புறம் எல்லோரும் அவனிடம் நல்லவிதமாக நடந்துகொண்டார்கள். அதுதான் கொடுமை. "விதிப்பா", "மழைதான் காரணம்", "நீ என்ன செய்வே பாவம்" என்று பூசி மெழுகினார்கள். ஜூராபெக் ஒரு ஆட்டைக் கொண்டுபோய் நோர்மத் வீட்டில் கட்டிவிட்டு வந்தான். நோர்மத் தெருவில் புர்ஹோனைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். புர்ஹோன் சாப்பிட்டான், உப்பு தெரியவில்லை. கொதிக்கிற தேநீர்க் கெண்டியை வெறும் கையால் தூக்கினான். மனைவி அலறிய பிறகுதான் உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்தான். மரத்துப் போன மனுஷனுக்கு எதைச் சொல்லி என்ன!

ஒரு வெள்ளிக்கிழமை, மசூதியில் தொழுகை நடத்தும் தோமுல்லா வாஹித் தொழுகைக்குப் பிறகு மூஸா நபியின் கதையைச் சொன்னார். வேண்டுமென்றே சொன்னாரோ, வாயில் வந்ததோ. மூஸா நபி மலைக்குப் போகிறார். கூட்டத்தைச் சகோதரர் ஹாரூனிடம் ஒப்படைக்கிறார். திரும்பி வந்தால் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹாரூனின் தாடியைப் பிடித்து இழுக்கிறார். 'விடுங்கள், நீ கூட்டத்தைப் பிரித்துவிட்டாய் என்று சொல்வீர்களோ என்றுதான் பயந்தேன்' என்கிறார் ஹாரூன்.

"அப்புறம் மூஸா நபி ரெண்டு பேருக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அல்லாஹ் கருணையுள்ளவன்" என்று முடித்தார் தோமுல்லா. மசூதியில் ஒருவர்கூடப் புர்ஹோன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லோரும் படாத பாடு பட்டார்கள்.

புர்ஹோனுக்கு மன்னிப்பு காதில் ஏறவே இல்லை. தாடிதான் ஏறியது. அண்ணன் வருவார். ஊர் பார்க்கத் தாடியைப் பிடித்து இழுத்து 'என்னடா பண்ணி வச்சிருக்கே' என்று கேட்பார். அது நடந்தால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தான். அன்றிலிருந்து அண்ணன் வரும் நாளுக்காகவே காத்திருந்தான்.

இஸ்மத் அகா வந்தார். வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக, கொஞ்சம் இளைத்து. தெரு முழுக்கக் கூட்டம். புர்ஹோன் போய் முன்னால் நின்றான். முகத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றான் என்றே சொல்ல வேண்டும். அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டார். முதுகில் தட்டினார்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் தம்பி. நடக்கணும்னு இருந்தது நடந்துச்சு. நான் உன்ன மன்னிச்சிட்டேன்."

"நீங்க மன்னிக்கறதுக்கு உங்க வீட்டுலயா அகா சாவு விழுந்துச்சு?"

இஸ்மத் அகாவின் கை தம்பியின் முதுகில் ஒரு கணம் நின்றது. "ஊரு பார்க்குது. உள்ள வா" என்றார்.

உள்ளே பெரிய கூடத்தில் விரிப்பு போட்டு ஆட்கள் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். ஹாஜி வந்த வீட்டுக்கு எதிரிகூட வராமல் இருக்க மாட்டான். ஒரு பேரீச்சம்பழம், மக்காவின் புனித ஊற்றிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் ஒரு வாய், ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை. உட்காரும் இடம் யாரும் சொல்லாமலே அமையும். வாசலுக்கு எதிரே உள்ள உயர்ந்த இடத்தில் தோமுல்லா, அவர் பக்கத்தில் ஜூராபெக், அப்படியே தலைமடை வீடுகள் வரிசையாக. கடைமடைக்காரர்கள் வாசல் பக்கம். கடைசியாக வந்த நோர்மத் செருப்புகளை ஒட்டி உட்கார்ந்தார். கூடத்திலும் அதே கால்வாய்தான்.

சமையலறையில் அண்ணி முகர்ரம் ஜம்ஜம் கேனை ஆட்டிப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். "விமானத்துல மூடி சரியா இல்லாம பாதி கொட்டிப்போச்சு. கிணத்துத் தண்ணி கலந்துடறேன்னா உங்க அண்ணன் குதிக்கிறார். ஒரு சொட்டு இருந்தாலும் ஜம்ஜம் ஜம்ஜம்தான்னு தோமுல்லாவே சொல்லியிருக்காரே!"

"கலக்க வேணாம் அண்ணி."

"அப்ப பாதிப் பேருக்குத்தான் வரும். மேலேருந்து ஆரம்பி. வாசல் பக்கம் வர்றதுக்குள்ள தீர்ந்துடும். பேரீச்சம்பழத்த ரெண்டாக் கொடுத்துச் சமாளிச்சுடலாம். அவங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாங்க, பழக்கப்பட்டவங்க."

அவள் கெட்டவள் இல்லை. ஊரில் யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதானே தொல்லை. புர்ஹோன் ஜம்ஜம் ஊற்றிய கெண்டியை வாங்கிக்கொண்டான். ஒரு கிண்ணம், ஒரு துண்டு. ஹாஜியின் தம்பி ஊற்றிக் கொடுப்பதுதான் முறை.

கூடத்துக்குள் வந்தபோது இஸ்மத் அகா பேசிக்கொண்டிருந்தார். "அங்க போய் ஒண்ணு கத்துக்கிட்டேன். மனசுல எதையும் வச்சுக்கக் கூடாது. பழசை விட்டுடுவோம். நம்ம ஊரு ஒண்ணா இருக்கு பாருங்க, அது போதும்."

"ஆமாமா, ஒற்றுமைதான் பெருசு" என்றான் ஜூராபெக். எல்லோரும் தலையாட்டினார்கள். வாசல் பக்கத்திலும் ஒன்றிரண்டு தலைகள் ஆடின.

"ஊத்துடா தம்பி. தோமுல்லாவுலேருந்து ஆரம்பி" என்றார் அண்ணன்.

புர்ஹோன் நின்றான். கெண்டி கனக்கவில்லை. இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை. எல்லோருடைய கண்ணும் கெண்டி மேல். மதகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே இடம். திரும்பினான். வாசலை நோக்கி நடந்தான்.

"டேய், எங்க போறே? இந்தப் பக்கம்!"

"கடைமடையிலேருந்து அகா. நீங்க வச்ச சட்டம்."

ஜூராபெக்தான் முதலில் வாயைத் திறந்தான். "இது என்ன புது மரியாதை? தோமுல்லா உட்கார்ந்திருக்கார், பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க. செருப்புப் பக்கத்துலேருந்தா ஆரம்பிப்பாங்க?"

"எனக்கு அவசரமில்ல. ஊத்தட்டும்" என்றார் தோமுல்லா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"புர்ஹோன்! நல்ல நாளும் அதுவுமா ஊரைப் பிரிக்காதே" என்றார் இஸ்மத் அகா. குரல் கெஞ்சியது. இப்படிக் கெஞ்சுகிற அண்ணனை அவன் பார்த்ததே இல்லை.

"போன தடவ பிரிக்காம இருந்தேன் அகா."

நோர்மத் முன்னால் மண்டியிட்டான். கிண்ணத்தை நிரப்பினான். இரண்டு கையாலும் நீட்டினான். நோர்மத் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. வெகு நாளைக்கப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டினார். கை கிண்ணத்தைத் தாண்டி வந்து தாடியைப் பிடித்தது.

இரண்டு பேர் எழுந்தார்கள். "நோர்மத்! விடு அவன!" என்று அண்ணன் கத்தினார்.

"இருங்க அகா. யாரும் வராதீங்க" என்றான் புர்ஹோன். கிண்ணம் சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

நோர்மத் இழுத்தார். தலை முன்னால் வந்தது.

"அவ ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தா" என்றார்.

"தெரியும் அகா."

"எனக்காக. நான் ஆட்டை மேய்ச்சுட்டு வந்து சாப்பிடுவேன்னு." இன்னும் இறுக்கினார். "ஏன்டா தொறந்தே?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. மழை என்றார்கள், விதி என்றார்கள், மண் சுவர் என்றார்கள். ஏன் திறந்தாய் என்று கேட்க ஊரில் ஒரு நாக்கு இல்லாமல் போயிற்று.

"பயந்துட்டேன் அகா. உங்க பக்கம் சரின்னு தெரியும். சொன்னா ஜூராபெக் சண்டைக்கு வருவான்னு பயந்து தொறந்தேன். யாருக்கும் பொல்லாதவனா ஆகாம இருக்கப் பார்த்தேன்."

நோர்மத் கடைசியாக ஒரு இழு இழுத்தார். சில முடிகள் அவர் விரலோடு போயின. தாடை சுரீரென்றது. வலி காதுவரை ஏறியது. புர்ஹோனின் கண் நிறைந்து வழிந்தது. வலிக்கிறதே, ஐயோ வலிக்கிறதே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த நொடி மாவு ஒட்டிய அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. இந்தத் தடவை ஒன்றும் அணையவில்லை. வாய்விட்டு அழுதான். கிண்ணம் ஆடித் துண்டு நனைந்தது.

நோர்மத் தாடியை விட்டார். கிண்ணத்தை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த வீட்டுக்கு ஊத்து" என்றார்.

புர்ஹோன் முட்டியால் நகர்ந்து அடுத்தவருக்கு ஊற்றினான். ஜூராபெக் எழுந்து, விரிப்பை மிதித்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியேறினான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள். ஊர் பிளந்துதான் போயிற்று, ஹாஜியின் கண் முன்னாலேயே.

இஸ்மத் அகா கொஞ்ச நேரம் அந்தக் காலியான இடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களைக் கூப்பிடவில்லை. பிறகு வாசல் பக்கம் வந்து, நோர்மத்துக்கும் கீழே, செருப்புகள் நடுவில் உட்கார்ந்தார்.

"நான்தான் அவன்கிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போனேன் நோர்மத்" என்றார்.

இஸ்மத் அகாவின் முகத்திலும் ஹஜ்ஜுக்குப் போனவருக்கே உரிய தாடி, புதிதாக, வெள்ளையாக இருந்தது. அதை நோர்மத்தின் முன்னால் நீட்டிக்கொண்டு அவர் காத்திருந்தார்.