வரிசையாக வெளியேறவும்

இதை நான் சொல்லவில்லை. இந்த வார்த்தைகளில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வந்ததில்லை. ஆனால் குரல் என்னுடையது.

இப்படி நினைத்தபடி சசிரேகா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காலை பதினோரு மணி. ஒலி அறையின் கண்ணாடிக்குக் கீழே எட்டாயிரம் காலி இருக்கைகள். நடுவில் நேற்றைய கபடிக்கு விரித்த நீல விரிப்பை நான்கு பேர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அங்கே கச்சேரி மேடை இருக்கும்.

"இரண்டாயிரத்துப் பதினைந்து தை மாதம் திறக்கப்பட்டது நம் அரங்கம்" என்றது அவளுடைய குரல். முதல் கபடி இறுதிப் போட்டி. அந்த வருடக் கடைசியில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோது வெள்ளத்திலிருந்து வந்தவர்கள் இங்கே தங்கிய மூன்று நாட்கள். இறகுப்பந்து, வேலைவாய்ப்பு முகாம், பாட்டுக் கச்சேரிகள். பதினெட்டில் புதிய கூரை. அங்கிருந்து குரல் நேராக இருபதுக்குப் போய், கொரோனாவுக்குப் போட்ட படுக்கைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

பத்தொன்பது இல்லை.

குரலில் தடுமாற்றமே இல்லை. இருபத்தாறு வயதுச் சசிரேகா, தொண்டை கட்டாதவள், யாரையும் இழக்காதவள், சீராகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"எப்படி இருக்கு மேடம்?" மேலாளர் கோமதிநாயகம் கேட்டார். திருநெல்வேலிக்காரர். இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "பத்தாம் வருச விழாவுக்குப் போடுத படம். உங்க பழைய டேப்பை கம்ப்யூட்டருக்குக் குடுத்தோம். ரெண்டே நாள்ல படிச்சுட்டு. இனி எதை எழுதிக் குடுத்தாலும் உங்கள மாதிரியே பேசும்."

ஒலிப்பெட்டியை இயக்கும் இனியவன் திரும்பிச் சிரித்தான். "இனிமே நீ வரவே தேவயில்லக்கா. நீ வூட்ல தூங்கினு இருப்ப, இங்க பேசினும் இருப்ப. டபுள் ஷிப்டு."

அவள் சிரிக்கவில்லை. மேசையில் ஒரு தாள் இருந்தது. குரலைப் பயன்படுத்த ஒப்புதல். மேலே ஒரு பேனா.

"இதுல கையெழுத்துப் போடுங்க. உங்க குரல்ல ஓடுத பழைய அவசர அறிவிப்பை இன்னைக்கே எடுத்திருதோம். நீங்க இத்தனை வருசமா கேக்கது அதானே?"

அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடங்களாக, மூன்று மேலாளர்களிடம்.

பத்து வருடங்களுக்கு முன்பு அவள் செல்போன் உதிரி பாகத் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் இருந்தாள். ஷிப்டு முடிந்ததும் மைக்கில் பஸ் கூப்பிடுவதும் அவள்தான். வாலாஜாபாத் பஸ், இரண்டாம் வரிசை. ஸ்ரீபெரும்புதூர் பஸ், நான்காம் வரிசை. அந்தக் குரல் கேட்டால் ஆயிரம் பேரும் கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். அரங்கம் திறந்தபோது அவசர அறிவிப்புக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். இங்கே வரும் தொழிற்சாலை ஆட்களுக்குப் பழகிய குரலாக இருக்கட்டும் என்றார்கள். ஆபத்து நேரத்தில் நான்காம் வாசல் வழியாக வரிசையாக வெளியேறவும். அவ்வளவுதான் அறிவிப்பு.

பத்தொன்பதில் ஒரு கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் மின்கம்பி கருகிப் புகை வந்தது. அறிவிப்பு தானாக ஓடியது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஆட்கள். அவர்கள் ஓடவில்லை, தள்ளவில்லை. பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நான்காம் வாசலுக்கு முன்னால் இரண்டிரண்டு பேராக நின்றார்கள். டிக்கெட் இல்லாமல் ஆட்கள் நுழைகிறார்கள் என்று அந்த வாசலின் ஷட்டரை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். இரண்டாம் வாசலும் ஆறாம் வாசலும் திறந்தே கிடந்தன. வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புகையில் மூச்சுத் திணறி மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி ஜாஸ்மின். லைனில் எட்டு வருடம் சசிரேகாவுக்கு எதிர் இருக்கை. அன்று சசிரேகாவுக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை. அதனால் ஜாஸ்மின் தனியாகப் போனாள். பிழைத்தவர்கள் வந்து சொன்னார்கள், வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டதே அவள்தானாம். "சசிதான் சொல்றா, நில்லுங்க, இப்ப தொறப்பாங்க" என்றாளாம்.

விசாரணையில் பூட்டைப் பற்றிக் கேட்டார்கள். கம்பியைப் பற்றிக் கேட்டார்கள். குரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தினமும் பத்து மணிக்குச் சோதனைக்காக அது காலி இருக்கைகளிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. சசிரேகா அதன்பின் மைக்கைத் தொடவில்லை. வீட்டில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள். தன் குரலுக்கு யாராவது எழுந்து வந்தால், கூப்பிடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவாள்.

கையெழுத்துப் போட்டால் அது நின்றுவிடும். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

படம் கடைசி வரிக்கு வந்திருந்தது. "இங்கே வந்த ஒவ்வொருவரும் பத்திரமாக..." என்றது குரல். நின்றது. மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு, "வீடு திரும்பியிருக்கிறார்கள்."

சசிரேகாவின் கை அப்படியே நின்றது.

"அத இன்னொரு வாட்டி போடு."

இனியவன் போட்டான். அதே இடத்தில் அதே சிரிப்பு. தும்மலை அடக்குவதுபோல.

"இது நான் இல்ல" என்றாள்.

"கம்ப்யூட்டர்தான்க்கா, நீ இல்லதான்."

"அதில்ல. இந்தச் சிரிப்பு."

பதிவு நாளன்று ஜாஸ்மின் துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை "வரிசையாக" என்று வாசிக்கும்போதும் மூக்கால் சிரித்தாள். "இன்னாடி, பஸ்ஸுக்கு ஆள் ஏத்துறா மாதிரியே கீது" என்றாள். பதினேழு முறை மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. அறிவிப்பில் அதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். முழு டேப்பும் எங்கோ இருந்திருக்கிறது. அதில் இருப்பது இரண்டு பேர் மூச்சு என்று கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. அது சசிரேகாவின் குரலுக்குள் ஜாஸ்மினை வைத்துத் தைத்துவிட்டது.

ஆனால் ஏன் இந்த வரியில் மட்டும்?

இனியவன் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. "நானும் தேடிப் பாத்தேன்க்கா. முழுப் படத்துலயும் வேற எங்கயும் வர்ல. அழிச்சா அழியுது. திரும்பப் பேச வெச்சா, கரெக்டா அங்கயே வருது."

"மிஷின் கோளாறுதானே" என்றார் கோமதிநாயகம். "கத்தரிச்சு எடுத்திருவோம் மேடம். ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க கையெழுத்தைப் போடுங்க."

கீழே விரிப்பைச் சுருட்டியவர்கள் வேலையை நிறுத்தி நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்காம் வாசல். புதிதாக வெள்ளை அடித்திருந்தது.

சசிரேகா பேனாவை மூடினாள். தாளின் மேல் அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அப்ப பழைய அறிவிப்புதான் ஓடும், பாத்துக்கிடுங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரே ஒரு கையெழுத்து மேடம்."

அவள் எழுந்தாள். ஆறு வருடங்களில் முதல் முறையாக, தாழ்த்தாத குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம் சார். அவ வூடு திரும்பல."