மடியில் வைத்த பழைய டிஸ்க்

கணினியைச் சரிசெய்ய வந்தவரை விட்டு நான் ஓர் அடிகூட நகரவில்லை. பதினோரு வருடங்களாக என்னிடம் பாட்டுக் கற்ற பிள்ளைகளின் குரல்களெல்லாம் அதன் பழைய டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

"டிஸ்க்கை மட்டும் அவன் கையில விட்றாதீங்க அண்ணி. நைசா எடுத்துக்கிட்டு கம்பி நீட்டிடுவான்," என்று கொழுந்தன் எச்சரித்திருந்தான்.

விண்டோஸும் பாட்டுகளும் அவர் புதிதாகப் பொருத்திய எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்கு நகலாக ஒன்றரை மணி நேரம் ஆனது. வாசல் மணி இருமுறை அடித்தும் நான் எழவில்லை.

"இப்படியே பாத்துட்டிருந்தா, எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு டீச்சர்," என்றார் அவர்.

பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றினார். அதை ஒரு கையில் பிடித்தபடி மறு கையைத் தன் பைக்குள் விட்டார்.

"அது எங்க போகுது?" என்றேன்.

"உங்க மடிக்குத்தான்." பையிலிருந்து மெத்தென்ற துணி ஒன்றை எடுத்து, டிஸ்க்கைச் சுற்றி என்னிடம் நீட்டினார். "இது இல்லாமலே கம்ப்யூட்டர் ஆன் ஆகணும், அப்பதான் நகல் சரின்னு அர்த்தம். ஆனாலும் ஒரு மாசத்துக்கு இதை அழிக்காதீங்க. நான் எதையாவது விட்டிருந்தா இதுதான் கைகொடுக்கும்."

நான் அவரைச் சந்தேகித்த நேரமெல்லாம் அவர் தன் வேலையையே சந்தேகித்திருக்கிறார். மனதுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

திரை ஒளிர்ந்தது. டிஸ்க்கை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன்.