பெரட்டில் மகாசோனன்

மூக்கம்மா அக்காவைப் பிடித்தது உள்ளூர்ப் பேய் இல்லை. கண்டிப் பக்கத்து முச்சந்தியில் நிற்கும் கரடித்தலைப் பேய், மகாசோனன். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்களோடு அதுவும் வந்திருக்கிறது. சோலூர்ப் பாதையில் விறகு சுமந்து வந்த அக்காவின் முதுகில் ஓங்கி அறைந்து உள்ளே போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமைதான் தேயிலை எஸ்டேட்டில் நிரந்தர வேலைக்குப் பேர் பதிகிற நாள். அன்று பேர் ஏறாவிட்டால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்து அறையும் போகும்.

அக்காவின் புருஷன் கந்தன், கூடலூரிலிருந்து கோடாங்கி காளிமுத்துவைக் கூட்டி வந்தார். அவர் உடுக்கையடித்து முதலில் ஒரு சத்தியம் வாங்கினார்: யார் கேட்டாலும் பேய் தன் சொந்தப் பேரைத்தான் சொல்ல வேண்டும். பிறகு, "எந்த மரத்துலருந்து வந்தியோ அங்கயே போ" என்றார்.

"அது கண்டியில இருக்கு. பாஸ்போர்ட்டு எடுத்துக் குடு."

எதிரே நின்ற யூகலிப்டஸைக் காட்டினார். பேய் முகர்ந்து பார்த்தது.

"தைல வாசம். எனக்கென்ன சளியா பிடிச்சிருக்கு?"

காளிமுத்து உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சத்தியத்தை எடுக்க மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை காலை, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், கோயமுத்தூர்க்கார கிளார்க் பாலசுப்பிரமணியம் பேனாவைத் திறந்தார்.

"பேர் சொல்லுங்க அம்மிணி."

"மகாசோனன்," என்றது அக்காவின் வாய்.

எழுதிக்கொண்டார். "வயசு?"

"ஆயிரத்து இருநூறு."

பேனா நின்றது. "ஏனுங்க, அம்பத்தெட்டுலயே ரிட்டயர்டு பண்ணோணுமுங்க. எப்படி எடுக்கறது?"

கந்தன் பதறினார். "ஐயா, அது பேயோட வயசு! கை ரெண்டுக்கும் முப்பத்தி நாலுதான்!"

பாலசுப்பிரமணியம் அந்தக் கைகளைப் பார்த்தார். "பறிக்கறது கைதானுங்களே. மத்தியானம் வரைக்கும் பறிக்கட்டும். பார்த்துட்டு வயசு எழுதறேன்."

பேய் கூடை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கியது. முற்றிய இலையையும் சேர்த்து உருவியது.

"ரெண்டு இலை, ஒரு கொழுந்து!" என்று கத்தினாள் மேஸ்திரி தபித்தாள். "கரடி மாதிரி பிய்க்காதடி!"

பேய் தலையைக் குனிந்துகொண்டது. காலில் அட்டைகள் ஏறின. பதினோரு மணிக்குத் தபித்தாளிடம், "லீவு உண்டா?" என்று கேட்டது.

"செத்தா உண்டு."

பேய் கொஞ்சம் யோசித்தது. பிறகு அக்காவை அப்படியே செடி நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டது.

விழித்த அக்காவிடம், பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழக்கூட நிற்கவில்லை, இரண்டு கையாலும் பறித்தாள். மத்தியானம் தராசில் பத்தொன்பது கிலோ.

"வயசு முப்பத்தி நாலுன்னே போட்டுக்கறேனுங்க," என்றார் பாலசுப்பிரமணியம். "பேரை மட்டும் அடிக்க முடியாதுங்க. மேல கேள்வி கேப்பாங்க."

அதனால் இன்றும் பெரட்டில் "மகாசோனன்!" என்று கூப்பிட்டால் அக்காதான் "இருக்கேங்கய்யா" என்பாள்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பேர் கூப்பிட்டதும், தேயிலைச் செடிக்குப் பின்னாலிருந்து கட்டைக்குரலில் "இருக்கேங்கய்யா" என்று வந்தது.

பாலசுப்பிரமணியம் தலை நிமிராமல் டிக் போட்டார். தபித்தாள் ஒரு கூடையை எடுத்து அந்தச் செடிப் பக்கம் தள்ளி வைத்தாள்.