தண்ணீர் விடாத தொட்டி

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தையில் போர் நிறுத்தம் வந்ததும், யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையோரத் தொடர்மாடிக் குடியிருப்பை விட்டு ஓடிப்போன குடும்பங்கள் திரும்பி வந்தன. கூரை பிளந்து கிடந்த கட்டடத்தைத் திருத்த வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று முன்வந்தது. என்னென்ன செய்வது என்று குடியிருப்பவர்களே கூடித் தீர்மானிக்க வேண்டும் என்றும் சொன்னது.

கோயில் மண்டபத்துக் கூட்டத்தில் நிறுவனத்துப் பொறியியலாளர் செபநாயகம் வரைபடத்தை விரித்தார். கடல் பக்கம் பெரிய யன்னல்கள், வெள்ளைச் சுவர். எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாம் மாடி அற்புதராணி மட்டும் கைதட்டவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பீரங்கிச் செல் ஒன்று அவளுடைய அண்ணனைச் சோற்றுக் கோப்பையோடு கொண்டுபோயிருந்தது.

அவள் எழுந்தாள். “ஐயா, செல்லுக்குப் பதுங்க எங்களுக்கு ஒரு பங்கர் கட்டித் தாங்கோ.”

மண்டபம் சிரித்தது. “சமாதானம் வந்திட்டுதடி. நீ இன்னும் பங்கருக்கை நிக்கிறாய்,” என்றாள் கீழ்வீட்டு யோசப்பின் அக்கா.

“உதுக்கு வெள்ளைக்காரர் காசு தரமாட்டினம், பிள்ளை. வீடு, தண்ணி, மலசலகூடம், அவ்வளவுதான்,” என்றார் செபநாயகம்.

கூட்டம் கலைந்ததும் அற்புதராணி அவரை வாசலில் மறித்தாள். “அப்ப வரைபடத்திலை தண்ணித்தொட்டி எண்டு கீறுங்கோ. கடல் தெரியாத பக்கம், தடிச்ச சுவர், ஆள் நுழையிற வாசல்.”

“பிடிபட்டால் என்ரை வேலை போயிடும்.”

“தெரியும், ஐயா. எனக்கு ரெண்டு பெட்டைப் பிள்ளையள்.”

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஆனால் அடுத்த வரைபடத்தில் தொட்டி இருந்தது.

தொட்டி எழும்பியது, தண்ணீர் வரவில்லை. “குடத்தோடை அலையிறம், இவளுக்கு வெறுந்தொட்டி!” என்று யோசப்பின் ஊரெல்லாம் ஏசினாள். பார்வையிட வந்த வெள்ளைக்காரர் அதற்குள் தலையை நீட்டி, ஏன் தண்ணீர் இல்லை என்று கேட்டார். “கசிவு பாக்கிறம்,” என்று செபநாயகம் சமாளித்தார்.

சித்திரையில் போர் நிறுத்தம் முறிந்தது. ஒரு பின்னேரம் முதல் செல் கடலில் விழுந்தது. இரண்டாவது கரையில். சனம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டிக்குள் விழுந்தது. இருட்டு, பிள்ளைகளின் அழுகை, “மாதாவே” என்ற முனகல். அற்புதராணி தன் பெண்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு யோசப்பினின் குரலைத் தேடினாள். இல்லை.

போகாதே என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. போனாள். யோசப்பின் அக்கா படிக்கட்டில் கைபிடியைக் கட்டிப்பிடித்தபடி விறைத்து நின்றாள். அற்புதராணி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து உள்ளே தள்ளினாள். அடுத்த செல்லில் கடல் பக்கச் சுவர் சரிந்தது. தொட்டி அதிர்ந்தது, உடையவில்லை.

ஓய்ந்ததும் எல்லாரும் வெளியே போனார்கள். அற்புதராணி மட்டும் எழும்பவில்லை.

“வா, பிள்ளை. முடிஞ்சுது,” என்றாள் யோசப்பின்.

“இல்லை அக்கா, இன்னும் கேக்குது.”

வெளியே ஒரு சத்தமும் இல்லை. யோசப்பின் திரும்ப உள்ளே வந்து, அவளை ஒட்டிக் குந்தினாள்.