பதினேழாம் டோக்கன்காரரின் உள்ளங்கைகள்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. விருத்தாசலத்தில் தோல் டாக்டர் வாசலில் எனக்கு டோக்கன் பதினெட்டு. பதினேழாம் டோக்கனோடு உள்ளே போனவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. தப்பு கதவு மேல்தான்.

அவர் ராஜ்மோகன். பீங்கான் பொம்மைச் சூளையில் நெருப்பைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு உள்ளங்கையிலும் கரப்பான் புண்.

2

முதல் தொடக்கம்: ‘இளங்காற்று வீசிய ஒரு...’ வேண்டாம். மே மாதம். காற்றே இல்லை.

இரண்டாவது: டாக்டர் மதிவதனி ஒரு சின்னப் புட்டியை நீட்டினார்.

“ஃபிரிட்ஜுல வைங்க. குளிர்ல தண்ணி மாதிரி இருக்கும். தோல் சூடு பட்டதும் கெட்டியாயி ஒட்டிக்கும். மருந்து மெதுவா உள்ள எறங்கும்.”

“எத்தினி டிகிரிங்க?”

“முப்பத்திரண்டு.”

“நம்ம சூளை ஆயிரத்து எரநூறு. இதெல்லாம் ஒரு சூடாங்கம்மா?”

[அவர் சந்தேகம் நியாயமானது. பொம்மைக்குப் பூசும் கிளேஸ் சூட்டில் உருகி வழியும். சூடு பட்டுக் கெட்டியாகும் பூச்சை அவர் முப்பது வருஷமாகப் பார்த்ததில்லை.]

3

வியாழக்கிழமை அவர் மகள் காவியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை வந்தவர்கள், கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து நின்றவரைப் பார்த்து, “பொண்ணோட அப்பா ஒரு கும்புடுகூடப் போடல” என்று பஜ்ஜியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். இந்த முறை வரப்போவது திலீபன். காவியாவே பிடித்து வைத்திருக்கும் பையன்.

“இப்பவும் கைய ஒளிச்சீங்கன்னா, நானே பெண்ணாடம் பஸ்ஸு ஏறி அவங்க வூட்டுக்குப் போயிடுவேன். பாத்துக்குங்கப்பா.”

(இதைக் கதவு வழியாகக் கேட்கவில்லை. கதைக்காக அவர்கள் தெருவுக்கே குடிபோனேன்.)

4

வியாழன் காலை மருந்தைத் தடவினார். வழிந்துவிடுமே என்ற பயத்தில் இரண்டு உள்ளங்கையையும் வானம் பார்க்க நீட்டிக்கொண்டே திரிந்தார். டீக்கடையில் யாரோ ஒரு போண்டா வைத்தார்கள். ஒரு புறா கூடு கட்டியது என்று எழுதினேன். ரொம்ப அதிகம், அடித்துவிட்டேன். முட்டை மட்டும் இருக்கட்டும்.

அதே கோலத்தில் வாசலில் நின்றவரைப் பார்த்தார், பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்த திலீபனின் அம்மா ஆண்டாள்.

“நாம இன்னும் செருப்பே கழட்டல. மனுசன் தட்டு மாத்த ரெடியா நிக்கிறாரு பாரு.”

“அத்த, பொண்ணையே இன்னும் பாக்கல,” என்றது கூட வந்த கூட்டம்.

“பையன் பாத்துட்டான்ல. புடிங்க சம்மந்தி.”

தட்டு கைக்கு வந்துவிட்டது. ராஜ்மோகன் சொன்ன முதல் வார்த்தை:

“வழியவே இல்லீங்க.”

5

முடிவு மூன்று எழுதினேன். தட்டு கையோடு ஒட்டிக்கொண்டது, டாக்டர் கோபிப்பார். திலீபன் மறுத்தான், காவியா என்னை உதைப்பாள். மூன்றாவது என் ஃபிரிட்ஜில் இருக்கிறது, இன்னும் தண்ணியாக. அது கெட்டிப்பட ஒரு கைச்சூடு வேண்டும்.

இதோ, பதில் தட்டோடு காவியா வந்துவிட்டாள். நிச்சயம் என்றால் அப்பா கையால்தான் கொடுக்க வேண்டும். வாங்கிய தட்டைக் கீழே வைக்கக் கூடாது என்கிறார் ஆண்டாள். அதை யார் பிடிப்பது என்று ராஜ்மோகன் சுற்றும் முற்றும் பார்க்கிறார். நான் பேனா பிடித்திருக்கிறேன். சும்மா இருப்பது நீங்கள்தான்.

கொஞ்சம் கையை நீட்டுங்கள். இரண்டு கையும். பலாப்பழம் இருக்கிறது, பார்த்து.