செலஸ்ரீனாவுக்குக் களைப்பில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கேள்வித்தாளிலிருந்து வந்தது. இத்தாலியில், பலெர்மோவில் ஈரல் வைத்தியம் பார்க்கும் இடமொன்றுக்காக, கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் முப்பது கேள்விகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ‘கடந்த இரண்டு கிழமைகளில் எவ்வளவு நேரம் களைப்பாக உணர்ந்தீர்கள்?’ ஒருபோதும் இல்லை, சில நேரம், அநேக நேரம், எந்நேரமும். நாலு பெட்டி, ஒன்றில் ஒரு புள்ளடி. நல்ல தமிழ்தான், என்னுடையது என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மனம் கேட்கவில்லை. பதில் சொல்ல நானே ஓர் ஆளை உண்டாக்கினேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘பங்குனி வெயில் பலெர்மோவின் கால்சாப் பகுதிப் பழைய மாளிகைகள் மேல் பொன்னாக…’

வேண்டாம். சாமான் பையோடு படியேறுகிறவளுக்கு வெயில் பொன்னாகத் தெரியாது.

தொடக்கம் இரண்டு: செலஸ்ரீனாவுக்கு ஐம்பத்துநாலு வயது. மன்னார்க்காரி. கால்சாவில் மூன்றாம் மாடியில் படுக்கையாகிவிட்ட வயதான ஓர் இத்தாலியச் சின்யோராவைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறாள். தூக்கி இருத்துவதும் குளிப்பாட்டுவதும் அவள்தான். பல்லரோச் சந்தையில் மீனும் மரக்கறியும் வாங்கி, லிஃப்ட் இல்லாத வீட்டுக்குச் சுமந்து ஏறுவதும் அவள்தான். தை மாதத்து ஸ்கானில் ஈரலில் கொழுப்பு என்றும், தழும்பு விழத் தொடங்கிவிட்டது என்றும் தெரிந்தது.* இப்போதே கவனித்தால் திருப்பிவிடலாம் என்றார் டொக்டர்.

இது நிற்கட்டும்.

* அவள் குடிப்பதில்லை. ஈரல் என்றதும் சனத்துக்குக் கிளாஸ்தான் கண்ணில் தெரியும் என்பதால் இந்தக் குறிப்பு. தேவாலயப் பூசையில் வைனைக்கூடப் பாதிரிச் சுவாமிதான் குடிக்கிறார்.

3

கவனிக்க ஒரு வழியும் இருந்தது. ஒரு வருடத் திட்டம்: சாப்பாட்டுக்கு வழி சொல்ல ஓர் ஆள், உடற்பயிற்சிக்கு ஓர் ஆள், மூன்று மாதத்துக்கொரு ஸ்கான். இருபது பேருக்குத்தான் இடம். யாருடைய அன்றாட வாழ்க்கை அதிகம் கெட்டிருக்கிறதோ அவர்களுக்கே முதலிடம், அதை அளப்பது என்னுடைய முப்பது கேள்விகள். ஸ்கான் ஈரலைப் பார்க்கும். அந்த ஈரலோடு ஒரு மனுசி எப்படி நாளைக் கொண்டுபோகிறாள் என்பதை அவளிடமே கேட்டால்தான் உண்டு. இதை நான் முழுக்க நம்புகிறேன். அவள் உள்ளதைச் சொல்வாள் என்று மட்டும் எதை வைத்து நம்பினேனோ தெரியாது.

கேள்விகளை வாசித்துப் புள்ளடி போடக் கேசிகாவை அமர்த்தியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பலெர்மோவில் பிறந்த துடியான பிள்ளை. களைப்பு? ஒருபோதும் இல்லை என்றாள் செலஸ்ரீனா. வயிற்று நோ? ஒருபோதும் இல்லை. நித்திரைக் குழப்பம்? அதுவும் இல்லை. முதல் பன்னிரண்டு கேள்விக்கும் ஒரே பெட்டி. வாசலில் ஆறே ஆறு படியேறி வந்தவள் கதிரையில் இருந்து மூச்சு வாங்கியதைக் கேசிகா தன் கண்ணால் கண்டிருந்தாள்.

[இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. வேலை போய்விடுமென்ற பயமாக்கும் என்று எழுதினேன். பொருந்தவில்லை. செலஸ்ரீனா பயந்தவள் அல்ல. ஒருமுறை குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்கு வரிசையில் நின்றபோது… அது வேறு கதை.]

4

கேசிகா பேனையை வைத்துவிட்டு, ஏன் இப்படி என்று கேட்டாள். செலஸ்ரீனா கதவைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். மகள் கிளறாவுக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை. இப்போது ஐந்தாம் மாதம். நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று, செலஸ்ரீனா தன் களைப்பையும் நோவையும் முழுக்க அந்தப் பிள்ளைக்காக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டாள். உயிர்த்த ஞாயிறு வரை அதைப் பற்றி முறையிட மாட்டாள். முறையிட்டால் கொடுத்ததைத் திருப்பி வாங்கிய மாதிரி.

படிவம் கேட்ட இரண்டு கிழமையும் தபசு காலத்துக்குள் விழுந்துவிட்டன. அன்று மத்தியானத்தோடு திட்டத்துக்குப் பெயர் எடுப்பது முடிகிறது. மொழிபெயர்க்கும்போது எனக்கு நாட்காட்டி ஞாபகமே வரவில்லை.

“அன்ரி, இப்பிடிச் சொன்னா உங்களுக்கு இடம் கிடைக்காது.”

“ஓம், விளங்குது. குடுத்திட்டன், பிள்ளை.”

பிறகு அவளே கேட்டாள்:

“ஈரலுக்குக் களைப்பு எண்டு எழுதேலாதோ? எனக்கில்லை. ஈரலுக்கு.”

கேசிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தாளைப் புரட்டிப் பார்த்தாள். அப்படியொரு பெட்டி நான் வைக்கவில்லை.

5

முடிவு அ: கேசிகா தானே ‘எந்நேரமும்’ என்று போட்டுவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன், அழித்தேன். அடுத்தவளின் வாழ்க்கைக்கு நாமே புள்ளி போடுவதென்றால் கேள்வி எதற்கு?

முடிவு ஆ: கேசிகா பங்குச் சுவாமிக்குப் போன் எடுக்கிறாள். வைத்தியரிடம் உள்ளதைச் சொல்வது முறைப்பாடு ஆகாது, ஒப்புக்கொடுத்தது அப்படியே இருக்கும் என்கிறார் சுவாமி. எல்லாம் சுபம் என்று நான் பேனையை மூடப் போனேன். செலஸ்ரீனா விடவில்லை.

“சுவாமிக்கு மகள் இல்லைத்தானே” என்றாள்.

இதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும்.

6

கேசிகா பேனையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். புதுத் தாள். முதலாம் கேள்வி.

இனி வாசிக்கிற உங்களுக்கு மட்டும் ஒன்று. இந்தக் கதைக்குள் பிள்ளை வரம் கொடுப்பது நான்தான். ஆடியில் கிளறாவுக்குப் பெண்பிள்ளை பிறக்கும். மூன்று கிலோவுக்கு மேல், நல்ல சுகம். அதை முதல் வரி எழுத முன்னரே தீர்மானித்துவிட்டேன். யாருடைய களைப்பையும் அதற்காக நான் கேட்கவில்லை. செலஸ்ரீனா எந்தப் பெட்டியில் புள்ளடி போட்டாலும் அது மாறாது.

அவளுக்கு இது தெரியாது. என்னால் சொல்லவும் முடியாது. நான் வாய் திறந்தால் அதுவும் கதையில் இன்னொரு வரியாகத்தான் அவளிடம் போய்ச் சேரும். பேனை முனை பெட்டிகளுக்கு மேலே நிற்கிறது. மத்தியானத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அவள் பக்கத்தில் ஒரு கதிரை காலியாகத்தான் கிடக்கிறது.

போய் அதில் இருங்கள். அவளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?